ஜாக்கி கூகனின் மைனர் கணக்கு

சாப்ளினின் 'தி கிட்' படத்தை முழுதாகப் பார்க்காதவர்கள்கூட அதன் ஸ்டில்லை எங்காவது பார்த்திருப்பீர்கள். கதவோரம் சாப்ளின். பக்கத்தில் கிழிந்த கால்சட்டையும் தலைக்குப் பெரிய தொப்பியுமாக ஒரு வாண்டு. அந்த வாண்டின் பெயர் ஜாக்கி கூகன்.

எனக்கு சினிமா ரசனை பற்றியெல்லாம் எழுத வராது. பி.காம். படித்துவிட்டு இருபது வருடத்துக்கு மேல் வங்கியில் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பவன். ஆனால் இந்தப் பையன் கதையில் ரசனையைவிடக் கணக்கு அதிகம். முப்பது முதல் நாற்பது லட்சம் டாலர் வரை சம்பாதித்துக் கொடுத்த ஒரு குழந்தைக்கு, வளர்ந்து கோர்ட் படி ஏறிய பிறகு கைக்கு வந்தது ஏறக்குறைய 1,26,000 டாலர். மீதி எங்கே போயிற்று என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் அந்தக் காலத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1910 வரைக்கும் பெரும்பாலான அமெரிக்கப் படங்களில் நடிகர் பெயரே போட மாட்டார்கள். பயோகிராஃப் கம்பெனியில் நடித்த ஃப்ளாரன்ஸ் லாரன்ஸை ஜனங்கள் 'பயோகிராஃப் பெண்' என்றுதான் சொன்னார்கள். பெயர் வெளியே தெரிந்தால் சம்பளம் கூட்டிக் கேட்பார்களே என்று முதலாளிகளுக்குப் பயம். பயம் நியாயமானதுதான்! சாப்ளினையே எடுத்துக்கொள்ளுங்கள். 1914-ல் கீஸ்டோனில் வாரம் 150 டாலர். அடுத்த வருடம் எஸ்ஸனேயில் வாரம் 1,250. 1916-ல் மியூச்சுவல் கம்பெனியில் வாரம் 10,000, அதற்கு மேல் கையெழுத்து போனஸ் 1,50,000. ஐம்பத்திரண்டு வாரத்துக்குக் கூட்டிப் பாருங்கள், 6,70,000 வரும். ஆளுக்கு வயது இருபத்தாறு.

இந்த பேரத்தை சாப்ளின் தனியாகப் பேசவில்லை. அண்ணன் சிட்னி கூட இருந்தார். மேரி பிக்ஃபோர்டுக்கு அவருடைய அம்மா சார்லட் இருந்தார். அந்த அம்மா உள்ளே வந்தாலே ஸ்டுடியோ முதலாளிகளுக்கு வேர்க்கும் என்பார்கள். நடிகரின் பக்கம் நின்று பேச ஓர் ஆள் வேண்டும் என்பது ஹாலிவுட்டில் ரொம்ப சீக்கிரமே புரிந்துவிட்ட விஷயம். நடிகருக்கு நாலு வயது என்றால்? அவர் பக்கம் பேச வேண்டியவரும் அப்பாதான், செக்கை வாங்கிக்கொள்பவரும் அப்பாதான். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஜாக்கி பிறந்தது 1914 அக்டோபர் 26, லாஸ் ஏஞ்சலஸில். அப்பா ஜாக் கூகன் மேடையில் ஆடிப் பாடிப் பிழைத்தவர், அம்மா லில்லியனும் மேடைக்காரர். 1919-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஆர்ஃபியம் தியேட்டரில் அப்பாவின் ஆட்டம் முடிகிற நேரத்தில் பையனும் வந்து ஒரு ஆட்டம் போட, அதை சாப்ளின் பார்த்துவிட்டார். மனதில் பதிந்துவிட்டது. அந்த ஜூலையில்தான் சாப்ளினின் முதல் குழந்தை பிறந்து மூன்றே நாளில் இறந்திருந்தது. அடுத்த சில நாட்களில் அவர் குழந்தை நடிகர்களைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

இதற்குள் ஒரு கூத்து. கூகனை ரோஸ்கோ ஆர்பக்கிள் ஒப்பந்தம் செய்துவிட்டார் என்று செய்தி வர, சாப்ளினுக்கு ஒரே புலம்பல். பிறகு விசாரித்தால் ஒப்பந்தம் ஆனது அப்பா கூகன்! உடனே அப்பாவைப் பிடித்து, பையனை ஒரே ஒரு படத்துக்குக் கொடுக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றாராம் அப்பா. அப்பாவுக்கும் அதே படத்தில் சின்னச் சின்ன வேஷங்கள் கிடைத்தன.

அன்றைய செட் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பேசாப்படம் என்பதால் 'சைலன்ஸ்' என்று யாரும் கத்த வேண்டியதில்லை. கேமரா ஓடும்போதே டைரக்டர் பக்கத்தில் நின்று, இப்போது திரும்பு, இப்போது பார், இப்போது ஓடு என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பல செட்களில் வயலின்காரரும் சின்ன ஆர்கன் வாசிப்பவரும் சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பார்கள், நடிகர்களுக்கு அழுகை வரவழைக்க. விளக்குகளோ கண்ணைப் பறிக்கும். அந்தக் கார்பன் ஆர்க் வெளிச்சத்தில் வேலை செய்து கண் வீங்கி வலி வருவதற்கு 'க்ளீக் கண்' என்று பெயரே வைத்திருந்தார்கள், க்ளீக் என்பது விளக்கு கம்பெனியின் பெயர்.

சாப்ளினோ ஒரு ஷாட்டைத் திரும்பத் திரும்ப எடுப்பதில் பேர் போனவர். 'தி கிட்' படத்தில் 53 அடி பிலிம் சுட்டால் 1 அடிதான் கடைசியில் திரைக்கு வந்தது. இத்தனை டேக்கிலும் ஒரு நாலு வயதுப் பிள்ளை சலிக்காமல் அதே கையசைப்பை, அதே பார்வையைத் திருப்பிச் செய்திருக்கிறது. வீட்டில் அந்த வயதுப் பிள்ளை இருப்பவர்கள், ஒரே ஒரு குரூப் போட்டோவுக்கு அதை நேராக நிற்க வைத்துப் பாருங்கள். அப்போது தெரியும்!

அநாதை விடுதி ஆட்கள் பையனைப் பிடுங்கி வண்டியில் ஏற்றும் காட்சி இருக்கிறதே, அதில் அவன் கை நீட்டி அழுகிற அழுகையைப் பார்த்து இன்றைக்கும் கலங்காதவர்கள் இல்லை. அதை எடுத்த கதையை சாப்ளின் தன் சுயசரிதையில் சொல்கிறார். எவ்வளவு கெஞ்சியும் பையனுக்கு அழுகை வரவில்லை, அவ்வளவு குஷியில் இருந்திருக்கிறான். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அப்பா தனியாகக் கூட்டிப் போனார். நீ அழாவிட்டால் உன்னை நிஜமாகவே விடுதிக்கு அனுப்பிவிடுவோம் என்று மிரட்டினார். பையன் வீறிட்டான், கேமரா ஓடியது. காட்சி முடிந்ததும் சாப்ளின் மனசு கேட்காமல் அவனைத் தூக்கிவைத்து, உன்னை யாரும் கொண்டுபோக மாட்டார்கள் என்று சமாதானம் சொன்னார். எனக்குத் தெரியுமே, அப்பா சும்மா விளையாடினார் என்றானாம் பையன், காதோடு.

இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கோர்ட்டில் இதே 'விளையாட்டு' என்ற வார்த்தை வேறு வாயிலிருந்து வரப்போகிறது.

1921 தொடக்கத்தில் படம் வெளிவந்தது. அதற்கு முன், மனைவியின் விவாகரத்து வக்கீல்கள் படத்தையே ஜப்தி செய்துவிடுவார்கள் என்று பயந்து சாப்ளின் நெகட்டிவைக் கடத்திக்கொண்டு சால்ட் லேக் சிட்டிக்கு ஓடி, ஓட்டல் அறையில் வைத்து எடிட்டிங் செய்தது தனிக் கதை. (கடன் வசூல் பிரிவில் வேலை பார்த்த எவனுக்கும் பிடிக்கும், இன்னொரு நாள் எழுதுகிறேன்.) படம் ஊரையே புரட்டிப் போட்டது. சாப்ளினுக்குச் சமமாகப் பையன் பேர் பேசப்பட்டது.

அப்புறம் அடைமழைதான். 1921-ல் 'பெக்ஸ் பேட் பாய்'. 1922-ல் 'ஆலிவர் ட்விஸ்ட்', அதில் ஃபேகினாக நடித்தவர் லான் சேனி. 1923-ல் மெட்ரோ கம்பெனி நாலு படங்களுக்குப் பத்து லட்சம் டாலர் பேசி, கையெழுத்துப் போட மட்டும் 5 லட்சம் கொடுத்தது. அன்றைக்கு ஃபோர்டு தொழிற்சாலையில் ஒரு தொழிலாளியின் கூலி நாளுக்கு 6 டாலர். பெரிய கூலி என்று ஊரெல்லாம் பேசியது. வருடத்துக்கு 300 நாள் என்று வைத்தால் 1,800 டாலர். ஜாக்கியின் கையெழுத்துப் பணத்தைச் சம்பாதிக்க அந்தத் தொழிலாளி 277 வருடம் வேலைக்குப் போக வேண்டும். பையனுக்கு அப்போது வயது எட்டு.

படத்தோடு நிற்கவில்லை. ஜாக்கி பெயரில் வேர்க்கடலை வெண்ணெய், பொம்மை, விசில், எழுதுபொருள். இன்றைக்கு நம் வீட்டுப் பிள்ளைகள் பென்சில் பாக்ஸில் கார்ட்டூன் படம் கேட்டு அடம் பிடிக்கிறார்களே, அந்த வியாபாரத்தின் ஆரம்ப கால ஆட்களில் இந்தப் பையனும் ஒருவன்.

செட்டுக்கு வெளியே அவன் வாழ்க்கை? பத்து வயது வரை பள்ளிக்கூடமே கிடையாது, வீட்டு வாத்தியார்தான். எங்கே போனாலும் கூட்டம். 1924-ல் நியர் ஈஸ்ட் ரிலீஃப் என்ற அமைப்புக்காக, ஆர்மீனிய, கிரேக்க அநாதைக் குழந்தைகளுக்கு நிவாரணம் திரட்ட அமெரிக்கா முழுக்கச் சுற்றி, பிறகு ஐரோப்பாவுக்கும் போனான். பத்து லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள உணவும் துணியும் சேர்ந்தன. ரோமில் போப்பாண்டவரையே பார்த்துவிட்டு வந்தான். அந்த வட்ட வெட்டுத் தலைமுடி அவனுடைய டிரேட் மார்க். வளர்ந்துவிட்டான், வெட்டியே ஆகவேண்டும் என்றபோது அதையும் சும்மா விடவில்லை. 1927-ல் முடி வெட்டுவதையே தலைப்பாக வைத்து ஒரு படம் எடுத்தார்கள். முடி போனது, மார்க்கெட்டும் மெல்லப் போனது. 1930-ல் 'டாம் சாயர்' பேசும்படம் கொஞ்சம் கை கொடுத்தது, அவ்வளவுதான்.

வீட்டில் அவனுக்குக் கொடுத்த கைச்செலவு வாரம் 6 டாலர் 25 சென்ட். அப்பா கறாரான ஆள். பணமெல்லாம் எனக்காகத்தான் சேர்த்து வைத்திருக்கிறார், இருபத்தொன்று ஆனதும் கைக்கு வரும் என்று ஜாக்கி நம்பிக்கொண்டிருந்தான். எழுத்தில் ஒன்றும் கிடையாது. இருபது வருடமாக இந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து நான் கண்ட குடும்பச் சண்டைகளில் பாதி இந்த ஒரு வரியில்தான் ஆரம்பிக்கும். நம்பிக்கைதான், எழுத்தில் ஒன்றும் கிடையாது.

1935 மே 4. மெக்சிகோ எல்லைப் பக்கம் புறா வேட்டைக்குப் போய்விட்டு எல்லோரும் காரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சான் டியாகோ மலைப்பாதையில் கார் உருண்டது. அப்பா, ஜாக்கியின் உயிர் நண்பன் ஜூனியர் டர்க்கின் ('டாம் சாயர்' படத்தில் ஹக்கிள்பெரி ஃபின்னாக வந்தவன்), இன்னும் இரண்டு பேர், நால்வரும் போய்விட்டார்கள். பிழைத்தது ஜாக்கி மட்டும். அடுத்த ஐந்து மாதத்தில் அவனுக்கு இருபத்தொன்று பூர்த்தி.

பணம் வரவில்லை. அம்மா லில்லியனும் குடும்பத்தின் வரவு செலவைப் பார்த்துவந்த ஆர்தர் பெர்ன்ஸ்டீனும் 1936 கடைசியில் கல்யாணம் செய்துகொண்டார்கள். வீட்டுக்கு வைரம், கம்பளி மேலங்கி, கார் என்று வந்துகொண்டிருந்தன. ஜாக்கி 1937-ல் நடிகை பெட்டி கிரேபிளை மணந்தார். (இனி 'அவர்' என்றுதான் எழுத வேண்டும்.) அவர் கையில் காசில்லை. 1938 ஏப்ரலில் அம்மா மீதும் சித்தப்பா முறையான பெர்ன்ஸ்டீன் மீதும் வழக்குப் போட்டார்.

அம்மாவின் பதிலைப் படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. ஜாக்கிக்குப் பணம் தருவதாக யாரும் வாக்குக் கொடுக்கவில்லை, இருபத்தொரு வயதுக்கு முன் பிள்ளை சம்பாதிப்பது ஒவ்வொரு டாலரும் பெற்றோருக்கே சொந்தம். அதோடு விட்டார்களா? கேமரா முன்னால் அவன் சந்தோஷமாகத்தான் இருந்தான், விளையாடுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான் என்றும் சொன்னார்கள்.

விளையாட்டு! அப்பா மிரட்டியபோது அது விளையாட்டு என்று தெரிந்தே வீறிட்டு அழுத பிள்ளையைப் பற்றிய பேச்சு இது. அதற்கு நடிப்பு என்று பெயர், அதற்குத்தான் மெட்ரோ பணம் கொடுத்தது. ஒருவன் வேலையை ரசித்துச் செய்தான் என்பதற்காகச் சம்பளம் கிடையாது என்றால் நம்மில் சில பேர் மாதக் கடைசியில் வெறுங்கையோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும் :-)

ஆனால் சட்டம் அம்மா பக்கம்தான் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். பிள்ளைக்குச் சோறு, துணி, இருப்பிடம் கொடுக்கும் கடமை பெற்றோருக்கு இருப்பதால் பிள்ளையின் உழைப்பும் வருமானமும் அவர்களுக்கே என்பது பழைய ஆங்கிலேயச் சட்ட வழக்கம். வயலில் அப்பாவோடு களை பிடுங்குகிற பையனையும், பட்டறையில் எடுபிடியாக இருக்கிற பையனையும் மனதில் வைத்து வந்த விதி. அந்தப் பையனின் கூலி குடும்பத்து அடுப்புக்குத்தான் போகும், நியாயம்தான். ஐந்து லட்சம் டாலர் வாங்குகிற எட்டு வயதுக்காரனை அந்த விதி எழுதியவர்கள் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். கலிபோர்னியா சட்டப் புத்தகத்திலும் அதுவே இருந்தது.

வழக்கு 1939-ல் சமரசத்தில் முடிந்தது. தேடிப் பார்த்ததில் மிச்சம் இருந்த சொத்து இரண்டரை லட்சம் டாலர் சொச்சம், அதில் பாதி ஜாக்கிக்கு. அதே வருடம் பெட்டி கிரேபிளோடும் விவாகரத்து ஆயிற்று. கையில் காசில்லாமல் போய் நின்றபோது சாப்ளின் யோசிக்காமல் ஆயிரம் டாலர் எடுத்துக் கொடுத்தார் என்று சொல்வார்கள்.

ஊரே கொதித்ததில் ஒரு நல்லது நடந்தது. 1939-ல் கலிபோர்னியாவில் குழந்தை நடிகர் சட்டம் வந்தது. எல்லோரும் 'கூகன் சட்டம்' என்றே அழைத்தார்கள். குழந்தையின் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தரும் கோர்ட், வருமானத்தில் ஒரு பகுதியைத் தனியே டிரஸ்டில் ஒதுக்கும்படி உத்தரவிடலாம் என்று ஆயிற்று.

'உத்தரவிடலாம்.' ஆடிட் ரிப்போர்ட் படித்துப் பழகிய கண்ணுக்கு ஓட்டை உடனே தெரியும். ஒப்பந்தத்தைக் கோர்ட்டுக்கே கொண்டுபோகாவிட்டால்? உத்தரவு போட்டும் பெற்றோர் கட்டாவிட்டால்? ஷெர்லி டெம்பிள் கதை அதுதான். முப்பதுகளில் உலகமே கொண்டாடிய அந்தச் சுருள்முடிச் சிறுமியின் சம்பாத்தியம் 32 லட்சம் டாலர். வளர்ந்து கல்யாணமாகி, 1950-ல் கணக்குப் புத்தகங்களைப் பிரித்துப் பார்த்தபோது மிச்சம் இருந்தது 44,000 சொச்சம். டிரஸ்டில் கட்டச் சொல்லிக் கோர்ட் போட்ட உத்தரவை அப்பா கண்டுகொள்ளவே இல்லை. அப்பா ஒரு வங்கி ஊழியர் என்பது எனக்குக் கூடுதல் வருத்தம். ஷெர்லி தன் சுயசரிதையில் இதை வரவு செலவோடு எழுதிவிட்டு, அப்பாவைத் திட்டாமல் கடந்து போகிறார். எனக்கு அந்தப் பெருந்தன்மை வராது.

ஜாக்கி காலத்திலேயே பேபி பெக்கி என்று இன்னொரு குழந்தை. 1918-ல் பிறந்து, ஐந்து வயதுக்குள் நூறு படத்துக்கு மேல் நடித்து முடித்தவள். அப்பா சண்டைக்காட்சிகளில் டூப் போடும் குதிரைக்காரர். ஒரு படத்தில் எரிகிற அறைக்குள் நிஜமாகவே மாட்டிக்கொண்டு, தானே ஜன்னல் வழியாகத் தப்பி வந்திருக்கிறாள். 1925-ல் அப்பா சம்பளத் தகராறில் தயாரிப்பாளரோடு முறித்துக்கொள்ள, ஏழு வயதுக்குள் சினிமா வாழ்க்கை முடிந்தது. பணத்தில் பாதி குடும்பச் செலவில் கரைந்தது, நிர்வாகத்தை ஒப்படைத்திருந்த குடும்பத்து ஆள் ஒருவர் மிச்சத்தைச் சுருட்டினார். பிற்பாடு அந்தப் பெண் டயானா செர்ரா கேரி என்ற பெயரில் எழுத்தாளராகி, ஜாக்கி கூகனின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். 2020-ல் 101 வயதில்தான் காலமானார்.

நம் ஊரில் மட்டும் என்ன, 1937-ல் 'பாலயோகினி' வந்தபோது பேபி சரோஜாவை இந்தியாவின் ஷெர்லி டெம்பிள் என்றே சொன்னார்கள். அன்று முதல் இன்றைய டிவி பாட்டுப் போட்டி வரை எத்தனை பிள்ளைகள்! சில வருடம் முன்னால் நம் தமிழ்க் குடும்பத்துக்காரர் ஒருவர் மகள் பெயருக்கு வந்த பரிசுச் செக்கோடு என் மேஜைக்கு வந்தார்.

"என் கணக்குல போட்டுருங்க சார், அவளுக்கு எதுக்குத் தனிக் கணக்கு?"

"அண்ணே, இது அவ பேருக்கு வந்த அக்கவுண்ட் பேயீ செக். உங்க கணக்குல போட வழியில்ல. ஒரு மைனர் அக்கவுண்ட் ஆரம்பிங்க, கார்டியன் நீங்கதான்."

முகம் கொஞ்சம் சுருங்கியது. நல்ல மனிதர்தான், பணத்தை எடுத்துக்கொள்ளும் எண்ணமெல்லாம் இல்லை. தன் பணம், பிள்ளை பணம் என்று பிரித்துப் பார்க்கப் பழக்கமில்லை, அவ்வளவுதான். அப்பா கூகனும் அப்படித்தான் இருந்திருப்பாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பிள்ளைகளைக் கேமரா முன் அனுப்புகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டு, 2017-ல் விதிகள் வந்தன. குழந்தை நடிகர் நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தயாரிப்பாளர் நேரடியாகக் குழந்தை பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் எஃப்.டி.யாகப் போட வேண்டும், மேஜர் ஆனதும் அது பிள்ளைக்கு. வருமான வரியிலும் ஒரு விசேஷம். மைனரின் வட்டி வருமானம் பெற்றோர் வருமானத்தோடு சேரும், ஆனால் பிள்ளை தன் திறமையால் சம்பாதித்தது பிள்ளையின் வருமானமாகவே கணக்கிடப்படும். தனி பான் கார்டு எடுத்துவிடுங்கள்.

ஜாக்கியிடம் திரும்புவோம். 1941 மார்ச்சில், அமெரிக்கா யுத்தத்தில் இறங்கும் முன்பே ராணுவத்தில் சேர்ந்தார். கிளைடர் ஓட்டப் பழகினார். கிளைடர் என்றால் இன்ஜின் இல்லாத விமானம். இரும்புக் குழாய்ச் சட்டத்தில் துணி போர்த்தி, டகோட்டா விமானத்தின் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்துப் போய், இடம் வந்ததும் கழற்றி விடுவார்கள். பிறகு பைலட் பாடு. 1944 மார்ச் 5 இரவு, ஜெனரல் விங்கேட்டின் 'சிண்டிட்' படையினரை ஏற்றிக்கொண்டு பர்மா காட்டுக்குள், ஜப்பானியர்களின் முதுகுக்குப் பின்னால் 100 மைலுக்கும் அப்பால் போய் இறங்கிய பைலட்களில் ஜாக்கி கூகனும் ஒருவர். கயிறு அறுந்து விழுந்த கிளைடர்கள், இறங்கும்போது ஒன்றன் மேல் ஒன்று மோதியவை என்று அந்த இரவில் சேதம் அதிகம். இறங்கிய காட்டு வெளிக்கு ராணுவம் வைத்திருந்த ரகசியப் பெயர் 'பிராட்வே'. நாடகக் கொட்டகைத் தெருவின் பெயர், மேடைக் குடும்பத்துப் பிள்ளைக்கு!

அந்தக் கிளைடர்கள் கிளம்பியது நம் அசாமின் லாலாகாட்டிலிருந்து. சில்சார் கிளையில் நான் இரண்டரை வருடம் இருந்தபோது விவசாயக் கடன் விண்ணப்பங்களில் அந்த ஊர்ப் பெயரை எத்தனையோ தடவை பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அப்போது இது தெரியாது.

யுத்தம் முடிந்து வந்தவருக்குப் பழைய மவுசு இல்லை. சின்ன வேஷங்கள், டிவி. 1964 முதல் 1966 வரை 'ஆடம்ஸ் ஃபேமிலி' தொடரில் மொட்டைத் தலையோடு வாயில் பல்பை வைத்து எரியவிடும் அங்கிள் ஃபெஸ்டராக வந்தவர் இவர்தான். ஊரே பார்க்க முடி வெட்டிக்கொண்ட அந்தப் பையன்தான் இது என்று புதிய தலைமுறைக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 1984 மார்ச் 1 அன்று, 69 வயதில் காலமானார்.

2000 ஜனவரியில்தான் கூகன் சட்டத்தின் ஓட்டைகளை ஒருவழியாக அடைத்தார்கள். குழந்தை சம்பாதிப்பது குழந்தைக்கே சொந்தம் என்று அப்போதுதான் எழுத்தில் வந்தது. சம்பளத்தில் 15 சதவீதத்தைக் கம்பெனியே நேராக டிரஸ்ட் கணக்கில் கட்டிவிட வேண்டும். பதினெட்டு ஆகும் வரை அம்மா, அப்பா யாரும் அதில் கை வைக்க முடியாது. இன்றைக்குக் கலிபோர்னியாவில் ஒரு குழந்தையை நடிக்க அனுப்பும் முன் பெற்றோர் வங்கிக் கவுண்ட்டருக்குப் போய் அந்தக் கணக்கை ஆரம்பித்தாக வேண்டும். அங்கே உட்கார்ந்திருக்கும் என் சக ஊழியரிடம் அவர்கள் கேட்பது, 'ஒரு கூகன் அக்கவுண்ட் வேண்டும்' என்றுதான்.